அந்தமானில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்

2024 கிறிஸ்துமஸ் அன்று மாலை ஐந்தே காலுக்கு ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் போய் இறங்கினோம். எதிரே கூட்டம் கூட்டமாக ஜனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு திருவிழாவுக்குப் போன மாதிரி இருந்தது. சூரியன் போயாகிவிட்டது. மேற்கே கொஞ்சம் செம்மண் நிறம் மட்டும் மிச்சம். லைஃப்கார்டு விசில் ஊதி, தண்ணீரில் நின்றவர்களைக் கரைக்கு விரட்டிக்கொண்டிருந்தார். இந்த ஒரு அஸ்தமனத்தைப் பார்க்கத்தான் எட்டு மாதம் முன்பே டிக்கெட் போட்டிருந்தேன்.

தப்பு என்னுடையது. திருச்சியில் டிசம்பரில் ஆறு மணிவாக்கில் பொழுது சாயும். அதே நினைப்பில், நாலரைக்கு ஆட்டோ பிடித்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அந்தமான் இருப்பது கிட்டத்தட்ட 93 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், மியான்மருக்குத் தெற்கே. கையில் கட்டியிருக்கும் கடிகாரமோ 82.5 டிகிரிக்கு வைத்த இந்திய நேரம். டிகிரிக்கு நாலு நிமிடம் என்று போட்டால், அங்கே சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. டிசம்பர் கடைசியில் காலை ஐந்தரை தாண்டியதும் உதயம், மாலை ஐந்து அடித்த சில நிமிடங்களில் அஸ்தமனம். எட்டாம் வகுப்புப் பூகோளம்தான். படகு, ஓட்டல், சாப்பாடு என்று எல்லாவற்றையும் எக்ஸெல் ஷீட்டில் போட்ட எனக்கு இது மட்டும் உறைக்கவில்லை. போதாக்குறைக்கு சீசன் நேரத்தில் ஹேவ்லாக்கில் ஆட்டோ கிடைப்பதற்கே இருபது நிமிடம் ஆனது.

எங்கள் கோஷ்டியில் நேரத்தோடு சரியாக இருந்தது அம்மா மட்டும்தான். வயது 68. மார்கழி வேறு. வீட்டில் இருந்தால் நாலு மணிக்கு எழுந்து, குளித்து, கோலம் போட்டு, ஐந்துக்கெல்லாம் பெருமாள் கோயிலில் இருப்பார். தீவிலும் அப்படியே எழுந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் எட்டு மணிக்குக் கண் விழித்துப் பார்த்தால் வெளியே வெயில் பத்து மணி மாதிரி அடித்தது. "பாதி நாள் போச்சுடா" என்றார் அம்மா. பாதி என்பது அதிகம்தான், ஆனால் இரண்டு மணி நேர வெளிச்சம் போயிருந்தது.

மறுநாள் 26ஆம் தேதி அவர் சொன்னபடி கேட்டோம். முந்தின நாள் வந்த ஆட்டோக்காரரிடமே பேசி வைத்து, காலை ஐந்தே காலுக்குக் கிளம்பி, அதே ராதாநகருக்குப் போனோம். அது மேற்குப் பார்த்த கடற்கரை, அங்கே உதயம் தெரியாது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் வெள்ளை மணலில் மொத்தமே பத்துப் பேர் இருந்திருப்போம். பின்னால் காட்டுக்குள் வெளிச்சம் ஏற ஏறத் தண்ணீர் சாம்பலிலிருந்து நீலத்துக்கு மாறுவதை நின்று பார்த்தோம். முந்தின நாள் மாலை இதே இடத்தில் செல்ஃபிக் குச்சிகளுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். சீசனில் கூட்டத்தைத் தவிர்க்க விலை கூடிய அறையோ தனி வண்டியோ பெரிதாக உதவாது. நாலரைக்கு அலாரம் வைத்தால் போதும். மாலைக் காட்சி கட்டாயம் வேண்டுமென்றால் நாலு மணிக்குள் மணலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரங்களில் முதலை எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அந்தமான் ஓடைகளில் உப்புநீர் முதலை உண்டு. லைஃப்கார்டு இல்லாத நேரத்தில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். எங்கள் சொந்த ஊர் நாகப்பட்டினம். 2004 சுனாமிக்குப் பிறகு அவர் கடலில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. என்ன தேதி என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே, "பசிக்குதுடா, டீக்கடை திறந்திருக்குமா?" என்றார்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் தங்கிய ரிசார்ட்டில் 24ஆம் தேதி உள்ளே நுழைந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கிறிஸ்துமஸ் இரவு விருந்து, தலைக்கு 3,800 ரூபாய். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். புக் செய்தபோது எங்கோ பொடி எழுத்தில் இருந்ததாம், தேடிப் பார்த்தேன், இருந்தது. அம்மாவுக்கு மார்கழியில் கவிச்சி கிடையாது. மேடையில் சாண்டா வேஷம் போட்டவர் கிடார் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று ஆடிக்கொண்டிருக்க, வான்கோழி, இறால், நாலு வகை கேக் எல்லாவற்றையும் தாண்டிப் போய், பஃபே மேசையின் கடைசியிலிருந்து ஒரு தட்டில் வெள்ளைச் சோறும், ஒரு கிண்ணத்தில் தயிரும், எலுமிச்சை ஊறுகாயும் எடுத்து வந்தார். "எவ்வளவுடா இது?" என்று கேட்டார். நான் ஐநூறு என்றேன். அதற்கே திட்டு விழுந்தது. டிசம்பர் 24, 31 இரண்டு ராத்திரியும் பல ரிசார்ட்டுகளில் இந்தக் கட்டாய விருந்து உண்டு. அறை வாடகையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். போன் போட்டு, "அந்தத் தேதிகளில் தனியாக ஏதாவது கட்ட வேண்டுமா?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு ராத்திரியும் சாதாரண லாட்ஜில் தங்குவது உத்தமம். 31ஆம் தேதிக்கு அப்படித்தான் செய்தோம்.

ஊர்ப் பெயர் ஒரு தலைவலி. ஹேவ்லாக் 2018 டிசம்பர் 30இலிருந்து ஸ்வராஜ் த்வீப். நீல் தீவு ஷஹீத் த்வீப், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயர். ஹேவ்லாக்குக்குள் கடற்கரைகளையும் கிராமங்களையும் எண் போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். ராதாநகர் என்றால் ஏழாம் நம்பர், கடைத்தெரு மூன்றாம் நம்பர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிகளைக் குடியேற்றிய தீவு அது. மூன்றாம் நம்பர் கடைகளில் மீன் சாப்பாடு ரிசார்ட் விலையில் மூன்றில் ஒரு பங்கு, ருசியும் அதிகம். நெட் அங்கே திடீரென்று படுத்துவிடும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020இல் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலாம் என்கிறார்கள். ஆனாலும் கையில் ரொக்கம் இல்லாமல் மீன் சாப்பாட்டுக் கடையில் ஜிபேயைச் சுற்றவிட்டுக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. போர்ட் பிளேரிலேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்கூபா பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். நானும் மகளும் போனோம். முதலில் ஒரு படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று கேட்டிருக்கும். பணம் கட்டியாச்சே என்று பொய் எழுதாதீர்கள். நீச்சல் தெரியாதவர்களையும் ஒரு பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார். இறங்க இறங்கக் காதில் அழுத்தம் ஏறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், வலிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. என் கூத்து வேறு. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் தண்ணீருக்குள் "மேலே போகலாம்" என்று அர்த்தம். கரையில் சொல்லித்தான் தந்தார்கள். முதல் மீனைப் பார்த்த குஷியில் நான் கட்டைவிரலைக் காட்ட, அவர் என்னை மேலே கொண்டுவந்துவிட்டார். மறுபடி இறங்கி, மறுபடி ஒரு மீன், மறுபடி கட்டைவிரல். மூன்றாவது தடவை அவரே என் விரலைப் பிடித்து ஆள்காட்டி விரலோடு வட்டமாகச் சேர்த்துவைத்தார். மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே மிதந்திருக்கிறாள். ஒன்று முக்கியம்: டைவ் அடித்த பிறகு விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். அதனால் ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள்.

27ஆம் தேதி நீல் தீவு. அந்தமானின் காய்கறித் தோட்டம் என்பார்கள். சின்னத் தீவு, எனக்கு ஹேவ்லாக்கைவிடப் பிடித்தது. அங்கே இயற்கையாக அமைந்த பாறை வளைவு ஒன்று இருக்கிறது. உள்ளூரில் ஹவுரா பாலம் என்கிறார்கள். 28ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குப் போனோம். தண்ணீர் ஏறிக் கிடந்தது, வளைவுக்குக் கிட்டவே போக முடியவில்லை. எங்களைப் போலவே நாலு வேன் ஆட்கள் கரையில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா தினசரி காலண்டரைப் போனில் பார்த்தார். "முப்பதாம் தேதி அமாவாசைடா. நெருங்க நெருங்க நல்லா ஏறும், நல்லாவும் வத்தும். இப்ப ஏறி நிக்குதுன்னா மத்தியானம் வத்திடும், அப்ப வருவோம்" என்றார். ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறும், அதே அளவு நேரம் இறங்கும், அடுத்த நாள் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பது கடற்கரை ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது. இரண்டரைக்குத் திரும்பப் போனபோது பாறைகள் வெளியே தெரிந்தன. குட்டைகளில் கடல் வெள்ளரியும், நீல விளிம்பு வைத்த சிப்பியும், கண்ணாடித் துண்டு மாதிரி சின்ன மீன்களும் இருந்தன. பாசி வழுக்கும் என்று அம்மா மேலேயே உட்கார்ந்துகொண்டார். மகள் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். டிரைவர் வைத்திருக்கும் பட்டியலுக்குத் தீவில் மதிப்புக் குறைவு. அலை ஏற்ற இறக்க நேரத்தை முந்தின நாளே பார்த்துவிட்டு, எந்த இடத்துக்கு எப்போது என்று நாம்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

பாரட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்குப் போகவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு போர்ட் பிளேரில் கிளம்பி, ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி, ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் வண்டிகள் ஒன்றாகச் செல்லும் கான்வாயில் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அம்மாவின் முழங்காலைக் காரணம் சொன்னேன். ஆனால் அந்தச் சாலையின் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது தெரிந்த பிறகு எனக்கே மனம் ஒப்பவில்லை. குகை பார்க்கப் போகிறோம் என்று சொல்கிறவர்களின் கண் வழியெல்லாம் எதைத் தேடுகிறது என்பது நமக்குத் தெரியாததா?

எங்கள் திட்டத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஊர் திரும்புவதற்கு முந்தின மூன்று இரவை போர்ட் பிளேரில் வைத்தது. அங்கே வேலை பார்த்த நண்பன் ஒருவன், "ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி வெளித்தீவில் தூங்காதே" என்று சொல்லியிருந்தான். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்த கதையையும் சொன்னான். எங்களுக்குப் புயலெல்லாம் இல்லை. 29ஆம் தேதி காலை நீல் தீவுப் படகுத்துறையில் நாங்கள் புக் செய்திருந்த தனியார் படகு ரத்து. காரணம் கேட்டால் "டெக்னிக்கல்" என்று ஒரே சொல். அடுத்த படகுகளெல்லாம் நிரம்பிவிட்டன. அன்று சாயங்காலம் ஃப்ளைட் வைத்திருந்த ஒரு தேனிலவு ஜோடி போனைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறை. பணம் பத்து நாளில் திரும்பி வந்தது என்பது வேறு விஷயம்.

நாங்கள் அரசுப் படகு கவுண்டரில் வரிசையில் நின்றோம். கட்டணம் தனியாரைவிடக் கணிசமாகக் குறைவு. வேகமும் குறைவுதான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடையாள அட்டை நகல் கேட்டார்கள். நாலு நகல் எடுத்து வைத்திருந்தது மனைவியின் புண்ணியம். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் வாந்தி மாத்திரை, வெறும் வயிறாக இல்லாமல் இரண்டு பிஸ்கட். உள்ளே ஏசி, மூடிய ஜன்னல், டீசல் வாடை. குமட்டும் என்று மேல்தளத்துக்குப் போய்விட்டோம். சுற்றுலாக்காரர்கள் நாங்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்களெல்லாம் தீவுக்காரர்கள். கத்தரிக்காய் மூட்டை, கூடையில் இரண்டு கோழி, கயிறு கட்டிய கேக் டப்பா.

பக்கத்தில் ஒரு பெரியவர், பேரனோடு. பேரனிடம் ஹிந்தியில் அதட்டிவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "மெயின்லேண்டுல எந்த ஊரு?" தமிழ்நாடு என்று அவர்கள் சொல்வதில்லை, எல்லாமே மெயின்லேண்ட்தான். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவராம். இவர் பிறந்தது போர்ட் பிளேர். 2011 கணக்கெடுப்பில் வங்காளி, ஹிந்திக்கு அடுத்து அங்கே தமிழ்தான், ஏறக்குறைய 15 சதவீதம். போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் தமிழ் பேசினால் பாதிக் கடைகளில் பதில் வரும். நாகப்பட்டினம் என்று அம்மா சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உங்களுக்கு எத்தனை மணிக்கும்மா வந்துச்சு?"

"ஒம்போது இருக்கும்."

"எங்களுக்கு ஆறரைக்கு ஆட்டம். கட்டில் அறையைச் சுத்தி வந்துச்சு. அப்புறம் தண்ணி. சிப்பிகாட் பக்கம் என் மச்சானுக்கு நெல்லு வயலு. ஏறின தண்ணி எறங்கவே இல்ல. இன்னைக்கும் கடல்தான்."

அந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானில் நிலமே சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. வடக்கே நேர்மாறாக நிலம் எழும்பி, பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்து செத்தன. இதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார். அவர் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்திருந்தா பிள்ளைங்க உள்ள இருந்திருக்கும். லீவு, எல்லாம் கடக்கரையில வெளையாடிக்கிட்டு இருந்துச்சு." இருபது வருடத்தில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை. பெரியவர் கூடையிலிருந்து ஒரு இளநீரை எடுத்து வெட்டி அம்மாவிடம் கொடுத்தார். போர்ட் பிளேர் வரும்வரை இரண்டு பேரும் அரிசி விலை, காய்கறி விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது, ஏழு சிறகுகளில் இப்போது மிச்சம் மூன்று. ஒலி-ஒளிக் காட்சிக்கு அன்றைக்கே போய் டிக்கெட் கேட்டால் சீசனில் கிடைக்காது, எங்களுக்கும் கிடைக்கவில்லை. நேதாஜி இந்த ஊரில் கொடியேற்றியது 1943 டிசம்பர் 30. அதே தேதியில் நாங்கள் அங்கே இருந்தது தற்செயல்தான். 31 இரவு ஒன்பதுக்கு அம்மா தூங்கிவிட்டார், பத்துக்கு நாங்களும். பன்னிரண்டு மணிக்கு வெடிச்சத்தம் கேட்டுப் புரண்டு படுத்தது நினைவிருக்கிறது.

மணல் ஈ பற்றிச் சொல்ல மறந்தேன். கண்ணுக்குத் தெரியாது, கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். கொசு மருந்தைவிட, கால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது எங்களுக்குக் கேட்டது. மணலில் துண்டு விரிக்காமல் படுக்கக் கூடாது.

ஜனவரி 1 காலை விமான நிலையத்தில் மகளின் பையை எக்ஸ்ரே நிறுத்தியது. பேனா டப்பாவுக்குள் ஏழு சங்கு. பவளம், சங்கு எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். "செத்ததுதானேப்பா" என்று நினைத்தாளாம். பாதுகாப்பு அதிகாரி திட்டவில்லை, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார். அதில் ஏற்கெனவே ஒரு குவியல், யாரோ ஒருவருடைய ஒரு முழம் பவளக்கிளையும் கிடந்தது. இவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சந்நியாசி நண்டு இருந்துவிடுமோ என்று ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் வைத்தாள்.

சென்னை வந்து, திருச்சிக்கு ரயில். அரியலூர் தாண்டும்போது மணி ஐந்தரை, ஜன்னலில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள். "அப்பாயி, நம்ம ஊர்ல சூரியன் ரொம்ப லேட்டு" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. நாலு மணிக்கு எழுந்தவர், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.